காய் பிடிக்காத வெங்காயம், பல் பிரியாத பூண்டு, அலமாரியில் ஒரு பாட்டில்

வாசகி ஒருவரின் கடிதம்: "மாடித் தொட்டிகளில் முதல்முறையாக வெங்காயமும் பூண்டும் போட்டேன். குளிர்நாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து கொடுத்த வெங்காய விதை. தாள் மளமளவென்று வளர்ந்தது, காய் பிடிக்கவே இல்லை. சமையலறையில் முளைவிட்ட வெங்காயத்தையும் நட்டேன், அது பூத்தண்டு விட்டது. பூண்டைப் பிடுங்கினால் பல் பிரியாமல் ஒரே உருண்டை. வாங்கிய பூண்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன், முளைத்துவிட்டது. கூடையில் வைத்த வெங்காயத்தில் கறுப்புப் பொடி படர்ந்திருக்கிறது. மிச்சப் பூண்டு வீணாகக் கூடாதே என்று நறுக்கி எண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது, வாசனை நன்றாகவே இருக்கிறது. வினிகரில் போட்டது மட்டும் நீலமாகிவிட்டது, பயந்து கொட்டிவிட்டேன். சமைக்கும்போதும் பூண்டு கசக்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?"

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். அலமாரியில் இருக்கும் அந்த எண்ணெய்ப் பூண்டு பாட்டிலை எடுத்து, திறக்காமல், ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம், நுனிநாக்கில் வைத்தும் பார்க்க வேண்டாம். நீலமானதைக் கொட்டியிருக்கிறீர்கள், அது தின்னக்கூடியது. வாசனை நன்றாக இருக்கிறது என்று வைத்திருக்கிறீர்களே, அதுதான் ஆபத்தானது.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் எங்கும் உண்டு. பல்லின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வித்துகள் காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை சும்மா இருக்கும். காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். நறுக்கிய பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து அறை வெப்பத்தில் வைத்தால் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. அந்த நஞ்சுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. பாட்டில் உப்பவேண்டும், எண்ணெய் கலங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். காரணம், குளிரில் வைக்காமல் வெளியே வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டு. பலருக்கு முதலில் வேறு நோய் என்றே கணித்தார்கள். 1989இல் அமெரிக்காவிலும் அதேபோல் நடந்த பிறகு, கடையில் விற்கும் இத்தகைய பூண்டில் அமிலம் சேர்த்தே ஆகவேண்டும் என்று அந்நாட்டு உணவுத் துறை உத்தரவு போட்டது.

நீங்களோ வீட்டில் யாரேனுமோ அந்தப் பாட்டிலிலிருந்து ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது, தசைகள் தளர்வது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தொடங்கும். சில சமயம் பத்து நாள்கூட ஆகலாம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள், பூண்டு எண்ணெய் சாப்பிட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதற்கு முறிமருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இனி பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்றைக்குத் தேவையானதைச் செய்யுங்கள். மிச்சமானால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமா, சின்னச் சின்னக் கட்டிகளாக ஃப்ரீசரில் உறையவிடுங்கள், மாதக்கணக்கில் நிற்கும். 'கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டால் போதாதா?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. புளிப்பு ஒவ்வொரு துண்டின் நடுவரைக்கும் இறங்கவேண்டும். கண்மதிப்பில் பிழியும் சாறு அதைச் செய்யாது.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். உங்கள் வெங்காயச் செடிக்கு நோய் ஒன்றும் இல்லை, உங்கள் கைராசியிலும் குறை இல்லை. விதைதான் உங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்றதாக அமையவில்லை.

வெங்காயம் எப்போது காய் பிடிக்கவேண்டும் என்பதைப் பகல் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்பதை இலைகள் கணக்கு வைக்கின்றன. அந்த ரகத்துக்கு உரிய அளவை வெளிச்சம் தாண்டியதும், மேலே புது இலை விடுவதை நிறுத்திவிட்டு, இலைகளின் அடிப்பாகத்தில் சத்தைச் சேமிக்கத் தொடங்கும். குறும்பகல் ரகங்களுக்கு 10 முதல் 12 மணி நேரம் போதும். நடுத்தர ரகங்களுக்கு 12 முதல் 14. நெடும்பகல் ரகங்கள் 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால்தான் அசையும். குளிர்நாடுகளில் கோடைப் பகல் 16 மணி நேரம்கூட நீளும். அங்கே விற்கும் விதை பெரும்பாலும் அதற்கென்றே தேர்ந்தெடுத்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருடம் முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். அந்த விதையை அங்கே போட்டால் செடி தாள் மேல் தாளாக விட்டுக்கொண்டே இருக்கும். எந்த உரம் போட்டாலும் அதற்குச் சமிக்ஞை கிடைக்காது. விதை வாங்கும்போது முதலில் கேட்கவேண்டியது நிறமோ அளவோ அல்ல. குறும்பகலா, நெடும்பகலா என்பதைக் கேளுங்கள். உங்கள் ஊரில் விவசாயிகள் போடும் ரகம் எது என்று விசாரிப்பது அதைவிட எளிது.

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வளையம் வளையமாகத் தெரிகிறதல்லவா? வெளியிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு சதை வளையமும் மேலே நின்ற ஒரு தாளின் அடிப்பாகம். காய் பிடிக்கும் நாள் வருவதற்குள் செடியில் எத்தனை நல்ல தாள் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே காயின் பருமன். அதனால்தான் ஆரம்ப வாரங்களில் செடியைப் பட்டினி போடக் கூடாது என்கிறேன். நாற்று ஆறு முதல் எட்டு வாரத்தில் நடத் தயாராகும். பிடுங்கி நட்டதிலிருந்து தழைச்சத்தும் தண்ணீரும் தவறாமல் கொடுங்கள்; வெங்காயத்துக்கு வேர் ஆழமாகப் போகாது, மேல்மண் காய்ந்தால் செடி அப்படியே நின்றுவிடும். செடிக்குச் செடி நான்கு அங்குலம் இடைவெளி வேண்டும். காய் திரளத் தொடங்கியதும் தழைச்சத்தை அடியோடு நிறுத்துங்கள். பலர் இங்கேதான் ஆசைப்பட்டு இன்னொரு கை உரம் போடுகிறார்கள். கழுத்து தடித்துவிடும், காய்ந்து மூடாது, அப்படிப்பட்ட காய் வீட்டில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

முளைவிட்ட வெங்காயம் பூத்தது இயல்புதான். வெங்காயத்துக்கு இரண்டு பருவ வாழ்க்கை. முதல் பருவத்தில் காய், அடுத்ததில் பூவும் விதையும். நீங்கள் நட்டது முதல் பருவத்தை முடித்துவிட்ட செடி. அது பூக்கும், அல்லது இரண்டு மூன்றாகப் பிரியும். ஒரு முழு வெங்காயத்தைத் திருப்பித் தராது. ஆனால் தாள் அருமையாகக் கொடுக்கும். முளைத்ததைத் தூக்கி எறியாமல் ஒரு தொட்டியில் நெருக்கமாக ஊன்றி, தாளை மட்டும் கிள்ளிக் கிள்ளிப் பயன்படுத்துங்கள்.

பூண்டுக்கு வெளிச்சத்தோடு இன்னொன்றும் தேவை. குளிர். 10 டிகிரிக்குக் கீழே சில வாரங்களாவது இருந்தால்தான் உள்ளே பல் பல்லாகப் பிரியவேண்டும் என்ற உத்தரவு அதற்குக் கிடைக்கும். குளிரே படாமல் வளர்ந்த பூண்டு வெங்காயம் மாதிரி ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். குளிர்காலம் இல்லாத இடங்களில் இதற்கு வழி, நடுவதற்கு முன் விதைப்பூண்டை முழுசாக, பல்லைப் பிரிக்காமல், காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் நான்கு முதல் எட்டு வாரம் வைப்பது. எடுத்த கையோடு பல்லைப் பிரித்து நட்டுவிட வேண்டும். இருப்பதில் பெரிய பல்லாகப் பொறுக்கி, கூர்முனை மேலே இருக்கும்படி, இரண்டு விரற்கடை மண் மூடுமாறு ஊன்றுங்கள். சின்னப் பல்லைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பல் நட்டால் சின்னப் பூண்டுதான் வரும். ஆண்டின் குளிர்ச்சியான மாதங்கள் தொடங்கும்போது நடுவது நல்லது.

இதிலேயே ஃப்ரிட்ஜில் வைத்த பூண்டு ஏன் முளைத்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. நடுவதற்கு எந்தக் குளிர் வேண்டுமோ, அதே குளிரைத்தான் நீங்கள் சமையல் பூண்டுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். 4 முதல் 10 டிகிரி என்பது பூண்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் குளிர். அங்கே வைத்து வெளியே எடுத்தால் சில நாளில் முளை எட்டிப் பார்க்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பல்லை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் மெல்லிய பச்சைக் குருத்து தெரியும். அது பல்லின் பாதி நீளத்தைத் தாண்டியிருந்தால் அந்தப் பூண்டு இனி அதிக நாள் தாங்காது, சீக்கிரம் செலவழியுங்கள். அந்தக் குருத்தில் நஞ்சு எதுவும் இல்லை. உருளைக்கிழங்கின் பச்சையோடு பூண்டின் பச்சையைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லேசாகக் கசக்கலாம், அவ்வளவுதான்.

வெங்காயத்தின் கணக்கு சற்று வேறு. ஏறக்குறைய 0 டிகிரியில் தூங்கும். 25 முதல் 30 டிகிரியிலும் தூங்கும். இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரியில்தான் விழித்து முளைக்கும். பெரிய குளிர்பதனக் கிடங்குகள் 0 டிகிரியை ஈரமில்லாமல் பிடித்துவைக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் அந்த அளவு குளிர்வதும் இல்லை, உள்ளே ஈரமும் அதிகம். ஆகவே முழு வெங்காயத்துக்கு நல்ல இடம் நிழலும் காற்றோட்டமும் உள்ள மூலைதான். பிளாஸ்டிக் பை கூடாது. வலைப்பை, ஓலைக்கூடை, துளையிட்ட தட்டு எதுவாயினும் சரி, ஒரு அடுக்கு அல்லது இரண்டு அடுக்குக்கு மேல் குவிக்காதீர்கள். உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது விடும் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது. உரித்த அல்லது வெட்டிய வெங்காயத்தை மட்டும் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதைவிட, வைப்பதற்கு முன் எப்படிக் காயவைத்தோம் என்பதுதான் பெரிது. அடுத்த முறை நீங்களே விளைவிக்கும்போது இதைக் கவனியுங்கள். தாள் பச்சையாக இருக்கும்போதே கழுத்து வலுவிழந்து தானாகச் சாயத் தொடங்கும். பாதிச் செடிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். நீங்களாக மிதித்தோ மடக்கியோ சாய்க்க வேண்டாம், கழுத்து ஒடிந்து அழுகல் நுழையும். ஒரு வாரம் விட்டுப் பிடுங்கி, தாளை வெட்டாமல், ஒரு வரிசைக் காயை அடுத்த வரிசைத் தாள் மூடுமாறு பரப்புங்கள். நேர் வெயில் காயில் பட்டால் வெந்த மாதிரி மெத்தென்று ஆகிவிடும். காற்றுத்தான் வேண்டும், சூடு இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கட்டைவிரலால் கழுத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஏதோ வழுக்கி நகர்வதுபோல் இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சருகாகி, இரண்டு விரலுக்கு நடுவே காகிதம்போல் சரசரத்தால் ஆயிற்று. அப்போது ஓர் அங்குலம் கழுத்தை விட்டு மேலே வெட்டுங்கள். கடையில் வாங்கும்போதும் இதே சோதனைதான். நிறத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். தடித்த கழுத்துள்ளதை அந்த வாரமே சமைத்துவிடுங்கள்.

அழுகல் பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகிறது. வெளியே பளபளவென்று இருக்கும் வெங்காயத்தை வெட்டினால் நடுவில் ஒரே ஒரு வளையம் மட்டும் வழுவழுவென்று, புளித்த வாடையோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தாளின் வழியாக இறங்கிய பாக்டீரியா அந்தத் தாளுக்கு உரிய வளையத்தை மட்டும் தின்றிருக்கிறது. 1950இல் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோயியலாளர் இதை முதலில் விவரித்தார். அந்த பாக்டீரியாவுக்கு இன்று அவர் பெயர்தான். அறுவடை நெருங்கும்போது தலைக்கு மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் இது வெகுவாகக் குறையும். அப்படி வழுவழுத்த வெங்காயத்தை முழுதாக எறிந்துவிடுங்கள்.

உங்கள் கூடையில் உள்ள கறுப்புப் பொடி வேறு. அது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. சூடும் புழுக்கமும் சேர்ந்த இடத்தில், மேல்தோலுக்கு அடியில் நரம்பு நரம்பாகப் படரும். அந்த அடுக்கை உரித்து, ஓடும் தண்ணீரில் கழுவி, உள்சதை கெட்டியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சதையே மெத்தென்று ஆகியிருந்தால் வேண்டாம். பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர்கள் உரிக்கும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

சமையல் விஷயம். முழுப் பூண்டுப் பல்லுக்குப் பெரிதாக வாடை கிடையாது. மணத்துக்கு மூலமான பொருள் ஓர் அறையிலும், அதைக் கிளப்பிவிடும் நொதி வேறோர் அறையிலுமாகத் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போதுதான் சுவர் உடைந்து இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. 1944இல் கவாலிட்டோ, பெய்லி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். சூடு பட்டால் நொதி செத்துவிடும். எனவே காரசாரமான பூண்டு மணம் வேண்டுமென்றால் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போடுங்கள். சாதுவான, இனிப்பான பூண்டு வேண்டுமென்றால் உரிக்காமல் முழுசாகச் சுடுங்கள் அல்லது வேகவையுங்கள். சுவர் உடையும் முன்பே நொதி அடங்கிவிடும்.

கசப்புக்குக் காரணம் நீங்கள் போடும் வரிசை என்று நினைக்கிறேன். வெங்காயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கிட்டத்தட்டத் தண்ணீர். பூண்டில் அறுபது பங்குதான். தண்ணீர் இருக்கும்வரை துண்டு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சடசடவென்று கருகும். பொடியாக நறுக்கிய பூண்டு சூடான எண்ணெயில் ஒரு நிமிடத்தில் வற்றிவிடும், வெங்காயம் அப்போதுதான் வியர்க்கவே ஆரம்பித்திருக்கும். முதலில் வெங்காயத்தைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, நிதானமான தீயில் வதக்குங்கள். அது கண்ணாடி மாதிரி ஆனபிறகு பூண்டு. பச்சை வாசனை போய், நிறம் லேசாக மாறும் நேரத்தில் அடுத்த பொருளைச் சேர்த்துவிடுங்கள். வெங்காயம் நன்றாகக் குழைந்தபிறகே தக்காளியோ வேறு புளிப்போ சேர்க்க வேண்டும். புளிப்பு முந்திவிட்டால் வெங்காயத்தின் சுவர் இறுகி, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நறுக்நறுக்கென்றே இருக்கும். ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும்வரை வதக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதைக் குறைக்க வழி தேடாதீர்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் சிவக்கும்தான், ஆனால் கூழாகிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

கடைசியாக அந்த நீலப் பூண்டு. குளிரில் வைத்த பூண்டில் ஒருவகைக் கந்தகப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதை வினிகர் போன்ற அமிலத்தில் போடும்போது நிறமிகள் உருவாகி நீலமோ பச்சையோ ஆகிறது. ருசியும் கெடாது, உடம்புக்கும் தீங்கில்லை. நிறம் பிடிக்காவிட்டால் ஃப்ரிட்ஜுக்குப் போகாத, புதிய, நன்கு காய்ந்த பூண்டாகப் பார்த்து எடுங்கள். பூண்டு முழுக்க வினிகரில் மூழ்கியிருக்கட்டும், ஜாடி ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

நீங்கள் பிடுங்கிய ஒற்றை உருண்டைப் பூண்டு எல்லாவற்றையும் சமைத்துவிடாதீர்கள். அதில் பெரியதாகப் பத்தை எடுத்து வையுங்கள். நடவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு நடுங்கள். இம்முறை குளிரைப் பார்த்துவிட்டு மண்ணுக்குப் போவதால் பல் பிரிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. கீழ்த்தாள்களில் மூன்றில் ஒரு பங்கு பழுத்ததும் ஒன்றை மட்டும் தோண்டிப் பாருங்கள். பல்லின் வடிவம் தோலுக்கு மேலே தெரிந்தால் மற்றதையும் எடுக்கலாம். எல்லாத் தாளும் காயும்வரை விட்டுவிட்டால் மேல்தோல் மண்ணுக்குள்ளேயே மக்கி, பல் தனித்தனியாக உதிர்ந்துவிடும்.